தாலியோடு வருமா வெளிநாட்டுக் குடியுரிமை? – வாசகர் கேள்விகளும் சட்டப் பதில்களும்

வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள மாப்பிள்ளை, மருமகள் தொடர்பாகத் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்கள் சேர்ந்துவிட்டதால், இந்த இதழில் இந்தப் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம். எழுதியவர்களின் பெயர்களையும் அடையாளம் காட்டக்கூடிய விவரங்களையும் நீக்கி, கேள்விகளைச் சுருக்கித் தந்துள்ளோம்.

கேள்வி: காவேரிப்பட்டணம் அருகே மாந்தோப்பு வைத்திருக்கும் விவசாயி நான். 2019-ஆம் ஆண்டு என் மகளின் திருமணத்தைக் கிருஷ்ணகிரியில் நடத்தி, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவும் செய்தோம். மாப்பிள்ளையின் குடும்பம் புதுச்சேரியைச் சேர்ந்தது. தாத்தா காலத்திலிருந்தே அவர்களுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை உண்டு. திருமணத்துக்குப் பிறகு இருவரும் துபாயில்தான் இருக்கிறார்கள். பிரான்சில் வசித்ததே இல்லை. இடையில் பிரசவத்துக்காக மகள் இங்கே வந்து ஓராண்டுக்கு மேல் எங்களோடு தங்கியிருந்தாள். பிரான்சுக்குப் போய்க் குடியேறினால்தான் குடியுரிமை கிடைக்கும் என்று சிலர் சொல்கிறார்கள். தாலி ஏறிய அன்றே அவள் பிரெஞ்சுப் பிரஜை ஆகிவிட்டாள் என்கிறார்கள் சம்பந்தி வீட்டுப் பெரியவர்கள். ஒரு தரகர் ஆறே மாதத்தில் வாங்கித் தருவதாகச் சொல்லிப் பெருந்தொகை கேட்கிறார். எது உண்மை? எனக்கு வயதாகிவிட்டதால் தோப்பை மகள் பெயருக்குத் தான செட்டில்மென்ட் எழுதிவிடவும் நினைக்கிறேன். அதை இப்போதே செய்யலாமா, குடியுரிமை வந்த பிறகு செய்யலாமா?

பதில்: நீங்கள் கேட்ட மூன்று பேச்சுகளும் தவறு. ஆனாலும் சம்பந்தி வீட்டுப் பெரியவர்கள் இல்லாததைச் சொல்லவில்லை, பழையதைச் சொல்கிறார்கள். 1954 நவம்பர் 1 அன்று புதுச்சேரியின் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. 1956-இல் கையெழுத்தான ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16 அன்று நடைமுறைக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பியவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்று அவகாசம் தரப்பட்டது. மாப்பிள்ளையின் தாத்தா அப்படி எழுதிக் கொடுத்தவர்களில் ஒருவராக இருக்கக்கூடும். அந்தக் காலத்துப் பிரெஞ்சுச் சட்டப்படி, பிரெஞ்சுக்காரரை மணக்கும் வெளிநாட்டுப் பெண் திருமணத்தினாலேயே பிரெஞ்சுப் பிரஜை ஆகிவிடுவாள். 1973 ஜனவரி 9-ஆம் நாள் சட்டம் அந்த ஏற்பாட்டை நீக்கிவிட்டது. இன்றைய பிரெஞ்சுக் குடிமைச் சட்டம், திருமணம் தன்னளவில் எவருடைய குடியுரிமையையும் மாற்றாது என்று தெளிவாகவே சொல்கிறது. பாட்டிமார்களுக்குக் கிடைத்தது பேத்திமார்களுக்கும் கிடைக்கும் என்று நம்பிக் கல்யாணம் பேசுகிற வழக்கம் மட்டும் இன்னும் போகவில்லை.

இனி, பிரான்சில் குடியிருந்தாக வேண்டும் என்ற பேச்சைப் பார்ப்போம். பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தின் 21-2 பிரிவுப்படி, திருமணமாகி நான்கு ஆண்டுகள் கழிந்த பிறகு, கணவனும் மனைவியும் பிரியாமல் ஒன்றாக வாழ்ந்துகொண்டிருந்தால், வெளிநாட்டவரான துணை குடியுரிமைக்கான உறுதிமொழி விண்ணப்பம் கொடுக்கலாம். திருமணத்துக்குப் பின் மூன்று ஆண்டுகளாவது தொடர்ச்சியாகப் பிரான்சில் வசித்திராதவர்களுக்கு இந்த நான்கு ஆண்டு ஐந்தாகிறது. ஆனால் தம்பதியர் வெளிநாட்டில் வாழ்ந்த காலம் முழுவதும் பிரெஞ்சுத் துணையின் பெயர், வெளிநாடுவாழ் பிரெஞ்சுக்காரர்களுக்காகத் தூதரகம் வைத்திருக்கும் பதிவேட்டில் இருந்திருக்குமானால், அவர்களுக்கும் நான்கு ஆண்டே போதும். ஆகவே துபாயில் இருப்பது உங்கள் மகளுக்குத் தடையே அல்ல. 2019-இல் நடந்த திருமணத்துக்கு ஐந்து ஆண்டுக் கணக்கும் முடிந்துவிட்டதால், மாப்பிள்ளை துபாயில் உள்ள பிரெஞ்சுத் துணைத் தூதரகத்தில் என்றைக்குப் பதிந்தார் என்ற கேள்வி இப்போது பெரிதல்ல. புதிதாகத் திருமணமாகி வளைகுடா நாடுகளுக்குப் போகிறவர்கள் போன கையோடு அந்தப் பதிவைச் செய்துவிட்டால் ஓராண்டு மிச்சமாகும்.

உங்கள் மகளின் விஷயத்தில் முதலில் பார்க்க வேண்டியது வேறு. சார்பதிவாளர் கொடுத்த சான்றிதழ் நம் நாட்டுக்குப் போதும். பிரான்சுக்கு அது போதாது. அந்தத் திருமணத்தைப் பிரான்சின் குடிமைப் பதிவேட்டில் ஏற்றியிருக்க வேண்டும். அது ஏறாதவரை குடியுரிமை விண்ணப்பத்தை வாங்கவே மாட்டார்கள். மாப்பிள்ளையிடம் ‘லிவ்ரே த ஃபமிய்’ எனப்படும் குடும்பப் புத்தகம் இருக்கிறதா, அதில் மகளின் பெயர் எழுதப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் இந்த வேலை முடிந்துவிட்டது. இல்லையென்றால், திருமணம் தமிழ்நாட்டில் நடந்ததால், புதுச்சேரியில் உள்ள பிரான்ஸ் துணைத் தூதரகத்தில் விசாரித்துத் தொடங்க வேண்டும். முறைப்படி, பிரெஞ்சுக் குடிமக்கள் இங்கே திருமணம் செய்வதற்கு முன்பே தூதரகத்தில் அறிவிப்புக் கொடுத்து, திருமணத்துக்குத் தடையில்லை என்ற தகுதிச் சான்றிதழைப் பெற்றிருக்க வேண்டும். முகூர்த்த நாள் நெருங்கிவிட்டது என்று அதை விட்டுவிட்ட குடும்பங்கள் பல உண்டு. அதனால் திருமணம் செல்லாமல் போய்விடாது. பதிவேட்டில் ஏற்றும்போது விசாரணை நீளும், அவ்வளவுதான்.

அடுத்தது, பிரசவத்துக்காக மகள் இங்கே தங்கிய காலம். தம்பதியர் வாழ்வைப் பகிர்ந்துகொண்டிருக்கிறார்களா என்பதை, மனத்தளவிலும் குடித்தன அளவிலும் பிரெஞ்சுச் சட்டம் பார்க்கிறது. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வருவது நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் ஓராண்டுக்கு மேல் கணவனும் மனைவியும் வெவ்வேறு நாட்டில் இருந்ததைக் கோப்பில் பார்க்கிற அதிகாரிக்கு, அவர்கள் பிரிந்திருந்தார்களோ என்ற ஐயம் எழலாம். அவர் கேட்கும் முன்பே விளக்கம் கொடுத்துவிடுவது நல்லது. மருத்துவமனைக் குறிப்புகள், அந்தக் காலத்தில் மாப்பிள்ளை வந்துபோனதற்கான பாஸ்போர்ட் முத்திரைகள், மாதாமாதம் பணம் அனுப்பிய வங்கி விவரம், குழந்தையின் பிறப்புச் சான்றிதழில் இருவர் பெயரும் இருப்பது ஆகியவற்றை இணைத்து ஒரு பக்க விளக்கக் கடிதமும் கொடுக்கச் சொல்லுங்கள். துபாயில் வீட்டு வாடகை ஒப்பந்தம் பெரும்பாலும் கணவர் பெயரில் மட்டுமே இருக்கும். மனைவியின் குடியிருப்பு விசா கணவரின் பொறுப்பில் வழங்கப்பட்டிருப்பதை அதற்குத் துணையாகக் காட்டலாம். கூட்டு வங்கிக் கணக்கு இல்லையென்றால் இப்போதே ஒன்று தொடங்கட்டும்.

பிரெஞ்சு மொழித் தேர்ச்சியும் கட்டாயம். புதுச்சேரிக் குடும்பமே ஆனாலும் வீட்டில் பேசுவது தமிழ்தான் என்பதால், மாமியார் வீட்டில் கற்றுக்கொள்ளலாம் என்று இருந்துவிடக் கூடாது. ஐரோப்பிய மொழி அளவுகோலில் பி2 எனப்படும் மேல்நடுத்தர நிலைக்குக் குறையாத தேர்ச்சியை அங்கீகரிக்கப்பட்ட தேர்வு எழுதிக் காட்ட வேண்டும். பேச மட்டுமல்ல, எழுதவும் தெரிய வேண்டும். தாள்களை எல்லாம் சேர்த்து வைத்துவிட்டுக் கடைசியில் மொழித் தேர்வில் சிக்கிக்கொள்கிறவர்களே அதிகம் என்பதால், முதல் வேலையாக வகுப்பில் சேர்வது புத்திசாலித்தனம்.

தாள்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கிருஷ்ணகிரி மாவட்டம் 2004 பிப்ரவரி 9 அன்றுதான் தருமபுரியிலிருந்து பிரிந்தது. அதற்கு முன் காவேரிப்பட்டணத்தில் பிறந்தவர்களின் சான்றிதழில் தருமபுரி மாவட்டம் என்று இருக்கும். பின்னால் வாங்கிய ஆதாரிலும் மற்றவற்றிலும் கிருஷ்ணகிரி மாவட்டம் என்று இருக்கும். தருமபுரியே 1965-இல்தான் சேலத்திலிருந்து பிரிந்தது என்பதால், உங்கள் பிறப்பு ஆவணம் கேட்கப்பட்டால் அதில் சேலம் மாவட்டம் என்றுகூட இருக்கலாம். நமக்கு இது சாதாரணம். ஒரே ஊர் மூன்று மாவட்டங்களில் இருப்பதை வெளிநாட்டு அதிகாரி அப்படிப் பார்க்க மாட்டார். மாவட்டப் பிரிவினைக்கான அரசு அறிவிக்கையின் நகலை மொழிபெயர்த்து இணைத்தால் இந்தக் கேள்வி எழாது. தலைப்பெழுத்தும் இப்படித்தான். பள்ளிச் சான்றிதழில் தந்தை பெயரின் முதல் எழுத்து மட்டும் இருக்கும். பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் முழுவதும் குடும்பப் பெயர் என்ற இடத்தில் உட்கார்ந்திருக்கும். திருமணத்துக்குப் பின் புதுப்பித்த ஆவணத்தில் கணவர் பெயர் வந்திருக்கும். மூன்றும் ஒருவரே என்று நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் ஒன்று தயாரித்துக்கொள்ளுங்கள். பிறப்பு, திருமணச் சான்றிதழ்களுக்கு, அவை உண்மையானவை என்று வெளிநாட்டுக்கு உறுதி சொல்லும் வெளியுறவு அமைச்சகத்தின் அபோஸ்டில் முத்திரையும், அங்கீகாரம் பெற்றவர் செய்த பிரெஞ்சு மொழிபெயர்ப்பும் வேண்டும்.

விண்ணப்பம் முழுமையாகச் சேர்ந்ததற்கு ரசீது கொடுத்த நாளிலிருந்து, அதைப் பதிவு செய்யவோ மறுக்கவோ பிரெஞ்சு அரசுக்கு ஓராண்டு அவகாசம் உண்டு. அரசே ஓராண்டு எடுத்துக்கொள்ளும் வேலையை ஆறு மாதத்தில் முடித்துத் தருவதாகச் சொல்லும் தரகர் எதை விற்கிறார் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். படிவம் நிரப்பவும் மொழிபெயர்க்கவும் கூலி கொடுப்பது வேறு. முடிவுக்கு விலை கொடுப்பது வேறு. இன்னொன்றும் உண்டு: பதிவான பிறகு ஓராண்டுக்குள் தம்பதியர் பிரிந்துவிட்டால், குடியுரிமையை மோசடியாகப் பெற்றதாகவே சட்டம் ஊகித்துக்கொள்ளும்.

இனி நீங்கள் கடைசியாகக் கேட்டிருப்பது. என் பார்வையில் உங்கள் கடிதத்தின் மிக முக்கியமான பகுதி இதுதான். இந்தியக் குடியுரிமைச் சட்டம், 1955-இன் 9-ஆம் பிரிவுப்படி, இந்தியக் குடிமகன் தன் விருப்பத்தால் வேறொரு நாட்டின் குடியுரிமையைப் பெற்றால், அந்தக் கணமே அவருடைய இந்தியக் குடியுரிமை தானாக முடிந்துவிடுகிறது. எழுதிக் கொடுத்தால்தான் போகும் என்பதில்லை. பிரான்ஸ் இரட்டைக் குடியுரிமையை ஏற்கிறது என்பது உண்மை, இந்தியா ஏற்பதில்லை. கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. பிரெஞ்சுச் சட்டப்படி, விண்ணப்பம் பதிவாகிவிட்டால் குடியுரிமை முன்தேதியிட்டு, அதாவது உறுதிமொழி கையெழுத்தான நாளிலிருந்தே செல்லுபடியாகும். எனவே கையெழுத்திட்ட நாளுக்கும் முடிவு வரும் நாளுக்கும் இடைப்பட்ட மாதங்களில், இந்தியக் குடிமகள் என்ற தகுதியில் நிலம், பத்திரம் தொடர்பாக எதையும் செய்யாமல் இருப்பதே பாதுகாப்பு. முடிவு வந்ததும் இந்தியப் பாஸ்போர்ட்டை இந்தியத் தூதரகத்தில் ஒப்படைத்துச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு, வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன் அட்டைக்கு, அதாவது ஓசிஐ அட்டைக்கு, விண்ணப்பிக்கலாம். அந்த அட்டை இருந்தால் விசா இல்லாமல் எத்தனை முறை வேண்டுமானாலும் வந்துபோகலாம். வாக்களிக்க முடியாது, அரசுப் பணியில் சேர முடியாது.

தோப்பை மகளுக்குத் தான செட்டில்மென்ட்டாக எழுதுவது இப்போதும் கூடாது, குடியுரிமை வந்த பிறகும் கூடாது. அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின் கீழ் 2019-இல் வந்த விதிகள்படி, வெளிநாட்டில் வசிக்கும் இந்தியக் குடிமக்களானாலும் சரி, ஓசிஐ அட்டைதாரரானாலும் சரி, விவசாய நிலம், தோட்டப் பயிர் நிலம், பண்ணை வீடு ஆகியவற்றை விலைக்கு வாங்கவோ, பெற்றோரிடமிருந்தே ஆனாலும் தானமாகப் பெறவோ முடியாது. உங்கள் மகள் இன்றைக்கே துபாய்வாசி என்பதால் இந்தத் தடை ஏற்கெனவே அவளுக்கு இருக்கிறது. குடியுரிமைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மாந்தோப்பு விவசாய நிலம் ஆகாது என்று யாராவது வாதம் சொன்னால் கேட்காதீர்கள். தோட்டப் பயிர் நிலமும் அதே தடைக்குள்தான் வருகிறது. பத்திரப் பதிவின்போது யாரும் கேட்காமலே பத்திரம் பதிவாகிவிடலாம். ஆனால் விதிமீறல் தெரியவந்தால், அதில் அடங்கிய தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு.

வாரிசுரிமையாக வருவதற்கு மட்டும் தடையில்லை. எனவே நீங்கள் செய்ய வேண்டியது உயில். உங்கள் காலத்துக்குப் பிறகு தோப்பு உயிலின்படி மகளுக்குச் சேரும். அப்போது அவள் பிரெஞ்சுக் குடிமகளாக இருந்தாலும் வைத்துக்கொள்ளலாம், மாங்காயைக் குத்தகைக்கு விடலாம், விற்பதானால் இந்தியாவில் வசிப்பவருக்கே விற்கலாம். ஊருக்குள் நத்தத்தில் வீடு இருந்தால் அதை இப்போதே செட்டில்மென்ட் எழுதுவதில் சிக்கல் இல்லை. தோப்புக்குள் இருக்கும் ஓட்டு வீடு பண்ணை வீட்டுக் கணக்கில் சேரும். அதை உயிலிலேயே வையுங்கள். உயிலைப் பதிவு செய்வது கட்டாயமில்லை என்றாலும், வாரிசு வெளிநாட்டில் இருப்பதால் பதிவு செய்துவிடும்படியே சொல்வேன்.

கேள்வி: ஓசூரில் வசிக்கிறோம். என் கணவர் அமெரிக்கக் குடியுரிமை பெற்ற தமிழர். அமெரிக்க நிறுவனம் ஒன்றின் பெங்களூரு கிளையில் வேலை செய்கிறார். இன்னும் சில ஆண்டுகள் இங்கேதான் இருப்போம். அமெரிக்காவில் வசிக்காமலே மனைவிக்கு உடனே குடியுரிமை கிடைக்கும் ஒரு பிரிவு இருப்பதாகக் கணவரின் நண்பர் சொல்கிறார். உண்மையா?

பதில்: அப்படி ஒரு பிரிவு இருக்கிறது, ஆனால் நண்பர் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார். அமெரிக்கக் குடியேற்றச் சட்டப்படி, பொதுவாக ஒருவர் கிரீன் கார்டு பெற்று ஐந்து ஆண்டுகள் கழித்துக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். அமெரிக்கக் குடிமகனின் மனைவியாக அவரோடு சேர்ந்து வாழ்ந்துகொண்டிருப்பவருக்கு அது மூன்று ஆண்டு. இவை இரண்டுக்கும் வெளியே 319(பி) என்ற பிரிவு உள்ளது. அமெரிக்க அரசு, அமெரிக்க வெளிநாட்டு வணிகத்தில் ஈடுபட்ட நிறுவனம் அல்லது அதன் துணை நிறுவனம், அங்கீகரிக்கப்பட்ட ஆராய்ச்சி நிறுவனம், சில சமய அமைப்புகள் ஆகியவற்றின் பணிக்காக வெளிநாட்டில் நிலையாக அமர்த்தப்பட்டிருக்கும் குடிமகனின் துணைக்கு, இத்தனை ஆண்டு அமெரிக்காவில் வசித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இதில் தளர்த்தப்படுகிறது.

தளர்வு வசிப்புக் காலத்துக்கு மட்டுமே. கிரீன் கார்டு முதலில் இருந்தாக வேண்டும். அதாவது கணவர் உங்களுக்காக மனுப் போட்டு, குடியேற்ற விசா கிடைத்து, நீங்கள் ஒரு முறை அமெரிக்காவுக்குள் நிரந்தர வசிப்பாளராக நுழைந்திருக்க வேண்டும். குடியுரிமை உறுதிமொழி எடுக்கும்போது அமெரிக்க மண்ணில் இருக்க வேண்டும். ஆங்கிலத் தேர்வும் குடிமைத் தேர்வும் உண்டு. அதன் பின் கணவர் பணியாற்றும் நாட்டுக்குத் திரும்பி அவரோடு வாழப் போகிறீர்கள் என்றும், அந்தப் பணி முடிந்ததும் அமெரிக்காவில் வந்து குடியேறுவீர்கள் என்றும் காட்ட வேண்டும். ஓசூரிலேயே வீடு கட்டி நிலையாக இருந்துவிடுவது என்பதுதான் உங்கள் உண்மையான எண்ணம் என்றால், இந்தப் பிரிவு உங்களுக்கானதல்ல.

உங்கள் கணவரின் வேலை ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். அமெரிக்கத் தலைமை நிறுவனம் அவரை ஓராண்டுக்குக் குறையாத காலத்துக்கு இங்கே அனுப்பியிருக்கிறதா, அல்லது அவரே ஊருக்குத் திரும்பி வந்து பெங்களூரில் உள்ளூர் ஆளாக வேலைக்குச் சேர்ந்தாரா என்பது கோப்பின் வலிமையை மாற்றிவிடும். குடியேற்ற விசாக் கட்டத்திலேயே, மனைவியைத் தாங்கும் வருமானம் தனக்கு உண்டு என்று உறுதிமொழி கொடுக்கும் கணவர், தன் நிரந்தர இருப்பிடம் அமெரிக்காதான், வெளிநாட்டில் இருப்பது தற்காலிகம் என்று நிறுவ வேண்டியிருக்கும். அங்கே தொடர்ந்து வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து வருவது, வங்கிக் கணக்கு, வாக்காளர் பதிவு ஆகியவை அதற்கு உதவும்.

ஓசூர், பெங்களூரு வட்டாரத்தில் இன்னொரு பழக்கத்தையும் பார்க்கிறோம். கிரீன் கார்டை வாங்கிக்கொண்டு இங்கேயே குடியிருந்து, வருடத்துக்கு ஒரு முறை விமானம் ஏறித் தலையைக் காட்டிவிட்டு வருவது. கிரீன் கார்டு அங்கே வாழ்வதற்கான உரிமை. வாழாவிட்டால் அதைக் கைவிட்டதாக விமான நிலையத்திலேயே முடிவு செய்யலாம். ஓராண்டுக்கு மேல் வெளியே இருக்கப் போகிறீர்கள் என்றால் கிளம்பும் முன்பே மறு நுழைவு அனுமதி வாங்க வேண்டும். திருமணமாகி இரண்டு ஆண்டு நிறைவதற்குள் நுழைந்தவர்களுக்குக் கிடைப்பது நிபந்தனையுடன் கூடிய இரண்டு ஆண்டுக் கார்டு மட்டுமே என்பதையும் நினைவில் வையுங்கள்.

கேள்வி: என் தங்கை மலேசியக் குடிமகனை மணந்திருக்கிறாள். இப்போது அரூரில் எங்களோடுதான் இருக்கிறாள். இங்கிருந்தே மலேசியக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாமா? என் நண்பன் மலேசியப் பெண் ஒருத்தியை மணக்கப் போகிறான், அவனுக்கும் கிடைக்குமா?

பதில்: இங்கிருந்து முடியாது. மலேசிய அரசமைப்புச் சட்டத்தின் 15(1) பிரிவு, மலேசியக் குடிமகனின் மனைவி விண்ணப்பிப்பதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளும் அந்நாட்டில் வசித்திருக்க வேண்டும், இனியும் நிலையாக வசிக்கும் எண்ணம் இருக்க வேண்டும் என்கிறது. நடைமுறையில் நீண்டகால விசா, நிரந்தர வசிப்புரிமை என்று படிப்படியாகப் போக வேண்டியிருப்பதால் இரண்டு ஆண்டில் முடிகிற காரியமாக எண்ண வேண்டாம். அந்தப் பிரிவு மனைவிக்கு மட்டுமே உரியது; மலேசியப் பெண்ணை மணக்கும் வெளிநாட்டு ஆணுக்கு அந்த வழி இல்லை. நியாயமா என்றால் இல்லைதான். ஆனால் உங்கள் நண்பர் இதைத் தெரிந்துகொண்டு முடிவெடுக்கட்டும். சிங்கப்பூரில் ஆண், பெண் வேறுபாடு இல்லை: குடிமகனை மணந்து இரண்டு ஆண்டும், நிரந்தரவாசியாக இரண்டு ஆண்டும் ஆகியிருக்க வேண்டும். இரண்டு நாடுகளும் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை.

கேள்வி: தேன்கனிக்கோட்டைப் பக்கம் என் மகனும் சுவிட்சர்லாந்து நாட்டவரான மருமகளும் இயற்கை விவசாயம் செய்கிறார்கள். நிலம் மகன் பெயரில் உள்ளது. மகன் சுவிஸ் குடியுரிமை பெறலாமா, அல்லது மருமகள் இந்தியக் குடியுரிமை பெறுவது நல்லதா?

பதில்: சுவிட்சர்லாந்துக்கு வெளியே வாழும் தம்பதியருக்கும் அந்நாட்டில் எளிமையாக்கப்பட்ட முறை ஒன்று உண்டு. அங்கே வசிப்பவர்களுக்கு மொத்தம் ஐந்து ஆண்டு வசிப்பும் மூன்று ஆண்டு இல்லறமும் போதும் என்றால், வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கு ஆறு ஆண்டு இல்லறமும், அந்நாட்டோடு நெருங்கிய தொடர்பும் வேண்டும். அவ்வப்போது அங்கே போய்த் தங்கியிருப்பது, அந்நாட்டு மொழிகளில் ஒன்றைப் பேசத் தெரிவது, அங்குள்ள உறவினர், நண்பர்களோடு பழக்கம் இருப்பது ஆகியவற்றைப் பார்ப்பார்கள். இத்தாலியும் இப்படி வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு வழி வைத்திருக்கிறது. மூன்று ஆண்டு இல்லறம், குழந்தை இருந்தால் அதில் பாதி, கூடவே இத்தாலிய மொழித் தேர்வு.

மருமகளைப் பொறுத்தவரை, இந்தியக் குடிமகனை மணந்தவர் இந்தியாவில் ஏழு ஆண்டு வழக்கமாக வசித்த பிறகே குடியுரிமைப் பதிவுக்கு விண்ணப்பிக்க முடியும். கிடைக்கும்போது சுவிஸ் குடியுரிமையை விட வேண்டும். அதுவரை காத்திராமல், பதிவு செய்த திருமணத்துக்கு இரண்டு ஆண்டு நிறைந்ததும் ஓசிஐ அட்டை பெறலாம். ஆனால் அது திருமணத்தை நம்பி நிற்கும் அட்டை. மணமுறிவு ஏற்பட்டால் ரத்தாகும். உங்கள் மகன் இங்கேயே விவசாயம் செய்யப் போகிறார் என்றால், அவர் இந்தியராகவும் மருமகள் ஓசிஐ அட்டையோடும் இருப்பதே பொருத்தம் என்பது என் கருத்து. இந்தியராக இருந்தபோது வாங்கிய நிலத்தை மகன் பிறகும் வைத்துக்கொள்ளலாம் என்பது சரிதான். ஆனால் வெளிநாட்டில் குடியேறிய பின் பக்கத்துக் காட்டை விலைக்கு வாங்க நினைத்தால் முடியாது. விவசாயியின் கண் எப்போதும் பக்கத்துக் காட்டின் மேல்தானே இருக்கும்.

கேள்வி: ஜெர்மானியரை மணந்து அங்கே சென்றேன்; ஜெர்மன் குடியுரிமையும் பெற்றேன். இப்போது விவாகரத்தாகி, பள்ளி செல்லும் மகளோடு ஊத்தங்கரையில் பெற்றோர் வீட்டில் இருக்கிறேன். விவாகரத்தால் குடியுரிமை போய்விடுமா? மறுபடியும் இந்தியக் குடியுரிமை பெற முடியுமா?

பதில்: முறையாகப் பெற்ற ஜெர்மன் குடியுரிமை விவாகரத்தால் போகாது. உங்கள் ஓசிஐ அட்டையும் ரத்தாகாது. விவாகரத்தானால் ரத்து என்ற விதி, துணை என்ற உறவால் அட்டை பெற்ற வெளிநாட்டவருக்கானது. நீங்கள் முன்னாள் இந்தியக் குடிமகள் என்ற சொந்தத் தகுதியில் பெற்றிருப்பீர்கள். விண்ணப்பத்தில் அப்படித்தான் குறிப்பிட்டீர்களா என்று ஒரு முறை சரிபாருங்கள்.

திரும்பி வரவும் வழி உண்டு. குடியுரிமைச் சட்டத்தின் 5(1)(எஃப்) பிரிவுப்படி, முன்பு இந்தியக் குடிமகளாக இருந்து, விண்ணப்பிப்பதற்கு முந்தைய பன்னிரண்டு மாதமும் இந்தியாவில் வசித்திருப்பவர் குடியுரிமைப் பதிவு கோரலாம். ஏழு ஆண்டு காத்திருக்க வேண்டியதில்லை. நீங்கள் குடியுரிமை பெற்ற பிறகு, மைனரான மகளுக்காகத் தனியே விண்ணப்பிக்கவும் சட்டம் இடம் தருகிறது. ஆனால் ஜெர்மன் குடியுரிமையைத் துறந்த சான்று கேட்கப்படும் என்பதாலும், மகளின் மேற்படிப்பு எந்த நாட்டில் என்பது இன்னும் தெரியாது என்பதாலும், உங்களுக்கு விண்ணப்பித்தாலும் மகளுக்கு அவசரப்பட வேண்டாம் என்பேன். விண்ணப்பத்தை இணையத்தில் பதிந்து, தாள்களைக் கிருஷ்ணகிரி மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். அந்தப் பன்னிரண்டு மாதக் கணக்கில் விவாகரத்து வேலையாகவோ மகளின் பள்ளிச் சான்றிதழுக்காகவோ நீங்கள் ஜெர்மனிக்குப் போய்வந்திருந்தால், தகுந்த காரணத்தை ஏற்று, மொத்தம் முப்பது நாள் வரை விலக்குத் தர மத்திய அரசுக்கு அதிகாரம் உண்டு. அதற்கு மேல் வெளியே இருந்திருந்தால் கடைசியாகத் திரும்பி வந்த நாளிலிருந்து மறுபடியும் பன்னிரண்டு மாதத்தை எண்ணத் தொடங்குங்கள்.